எம்ஜிஆர் படமும் தீக்கதிரும் ஒரே கூரைக்குள்: சென்னையில் வாடகை வீடு தேடுகிறவர்களுக்கு

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கட்சி. அம்மா இரட்டை இலை. 1989-ல் சின்னம் முடங்கி, ஜெயலலிதா அணிக்காகச் சேவலில் குத்திவிட்டு வந்ததை இன்றும் ஒரு சாவு வீட்டுக்குப் போய் வந்த மாதிரிதான் சொல்வார். நான் மார்க்சிஸ்ட் கட்சிப் பத்திரிகையான தீக்கதிர் வாங்குகிறவன், மாதத்துக்கு இரண்டு மூன்று கூட்டங்களுக்குப் போகிறவன். மனைவி தி.மு.க. குடும்பத்துப் பெண். மாமனாருக்கு முரசொலி வந்தால்தான் காபி இறங்கும். அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த மச்சான் காலையில் காக்கி டவுசரோடு ஆர்.எஸ்.எஸ். ஷாகாவுக்குப் போக ஆரம்பித்து, இப்போது பேன்ட் போட்டுக்கொண்டு போகிறான். மாதம் ஒரு ஞாயிறு சாப்பிட வருவான்.

இப்படிப்பட்ட குடும்பத்தை வைத்துக்கொண்டு 24 வருடத்தில் சென்னையில் ஏழு வீடு மாறிவிட்டேன். அதில் இரண்டைக் காலி செய்ததற்குக் காரணம் அரசியல்தான். ஓனரும் நானும் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை, அவ்வளவுதான். ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவன் நான். கூட வேலை செய்கிற பையன்கள் வீடு தேடும்போது என்னிடம் வந்து கேட்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் கட்சித் தகராறு கட்சித் தகராறாக வராது. தண்ணீராக வரும். எங்கள் மூன்றாவது வீட்டின் ஓனர் ஒரு கட்சியில் வட்ட அளவில் பொறுப்பில் இருந்தவர். நல்ல மனிதர், என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு அவர் வண்டியில்தான் போனோம். தேர்தலில் அவர் கட்சி தோற்றது. வாக்கு எண்ணிக்கை அன்று எங்கள் வீட்டில் டிவி கொஞ்சம் சத்தமாக ஓடியது, என் மாமனார் வேறு வந்திருந்தார். மறுநாள் காலை அரை மணி நேரம் ஓடும் மோட்டார் பத்து நிமிடத்தில் நின்றது. அடுத்த வாரம் மாடிப்படி பல்பு போனது, மாற்ற ஆள் இல்லை. அப்புறம் என் சைக்கிள் அவர் வண்டிக்கு இடைஞ்சலானது. அரசியலைப் பற்றி ஒரு வார்த்தை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஐந்தாவது மாதம் 'பையனுக்குக் கல்யாணம் பார்க்கிறோம், வீடு தேவைப்படுது' என்றார். பையன் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான்.

அதனால் வீடு பார்க்கும்போது 'இங்கே எந்தக் கட்சி அதிகம்' என்று பார்ப்பதில் பயன் இல்லை. நம்ம ஆளுங்க இருக்கிற இடமாகப் பார்த்துப் போய்விடலாம் என்று ஒரு காலத்தில் நானும் நினைத்து, தோழர்கள் நிறைய இருந்த ஒரு தெருவில் இரண்டு வருடம் குடியிருந்தேன். எனக்குச் சொர்க்கம். அம்மாவுக்கு நரகம். பேச்சுத் துணைக்கு வாசலில் உட்கார்ந்தால் எம்ஜிஆரைக் கிண்டல் செய்யாமல் ஒருவரும் எழுந்து போகமாட்டார்கள். தேட வேண்டியது நம்மோடு ஒத்துப்போகிற இடத்தையல்ல. ஒத்துப்போகாத இரண்டு பேர் ஏற்கெனவே பக்கத்துப் பக்கத்தில் பத்து வருடம் குடியிருக்கிற இடத்தைத்தான். அப்படி ஓர் இடம் இருந்தால், அங்கே சண்டை எப்படித் தொடங்கும், எங்கே நிற்கும் என்பதற்கு ஒரு பழக்கம் உருவாகியிருக்கும்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? புரோக்கரோடு போகாமல் ஒரு நாள் தனியாகப் போங்கள். காலை ஏழு மணிக்குத் தெருமுனை டீக்கடையில் நின்று என்னென்ன பேப்பர் கிடக்கிறது என்று பாருங்கள். தினத்தந்தி எங்கும் இருக்கும், அது கணக்கில் வராது. அதற்கு மேல் கட்சிப் பத்திரிகை ஒன்று கிடந்தால் கடைக்காரர் கட்சி தெரியும். இரண்டு கட்சிகளின் பத்திரிகை கிடந்து, இரண்டும் கசங்கியிருந்தால் அது நல்ல தெரு. கசங்கல் முக்கியம். மடிப்புக் கலையாமல் கிடப்பது யாரோ ஓசியில் போட்டுவிட்டுப் போனதாக இருக்கும்.

அடுத்து ஆட்டோ ஸ்டாண்டு. முன்பெல்லாம் கொடிக்கம்பங்களை எண்ணுவேன். 2025 சனவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பொது இடங்களில் உள்ள கட்சிக் கொடிக்கம்பங்களை அகற்றச் சொல்லி உத்தரவு போட்ட பிறகு அந்தக் கணக்கை நம்ப முடியாது. ஸ்டாண்டின் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். தொ.மு.ச., அண்ணா தொழிற்சங்கம், சி.ஐ.டி.யு. என்று வெவ்வேறு கட்சிச் சங்கங்களின் இரண்டு மூன்று பலகை ஒரே மரத்தடியில் இருந்து, வண்டிகள் ஒரே வரிசையில் நின்றால் சரி. பலகைக்கு ஒரு வரிசை என்று தனித்தனியாக நின்றால் அந்த வட்டாரத்தில் பழைய பகை ஏதோ இருக்கிறது.

பெரம்பூர், அயனாவரம் பக்கம் நான் கடைசியில் போய்ச் சேர்ந்ததற்கு இதுதான் காரணம். 1955-ல் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை வந்ததிலிருந்து அங்கே ரயில்வேக் குடும்பங்கள். எஸ்.ஆர்.எம்.யு. சங்கத்தில் அப்பா, எதிர்ச் சங்கமான டி.ஆர்.இ.யு.வில் பிள்ளை என்று இருக்கிற வீடுகள் எனக்கே இரண்டு தெரியும். சங்கத் தேர்தல் சமயத்தில் ஒருவரை ஒருவர் கிழித்துத் தொங்கவிட்டுவிட்டு, சாயங்காலம் ஒரே ஷிஃப்டில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தாக வேண்டும். அந்தப் பழக்கம் தெருவுக்கும் வந்துவிடுகிறது. எல்லாத் தெருவுக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன், போய்ப் பாருங்கள். தனியாக இருக்கும் ஆண்களுக்கு என்றால் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் இன்னமும் மோசமில்லை. கல்யாணத்துக்கு முன் நான் மூன்று வருடம் அங்கே ஓர் அறையில் இருந்தேன். எதிர்க் கட்டிலில் பாஜக நண்பர். எங்களுக்குள் நடந்த ஒரே பெரிய சண்டை ஈரத்துண்டை எங்கே காயப்போடுவது என்பதில். பெண்களுக்கான விடுதிகளில் எப்படி என்று என் மகள்தான் ஒருநாள் எழுத வேண்டும்.

டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு எல்லாவற்றையும்விட எனக்கு நம்பிக்கை இஸ்திரி வண்டிக்காரர்மேல். இரண்டு சட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தேய்த்து முடிக்கும்வரை அங்கேயே நில்லுங்கள். 'அந்த 14-ஆம் நம்பர் வீட்டில் முன்னாடி இருந்தவங்க ஏன்ணா காலி பண்ணாங்க?' இந்தக் கேள்விக்கு ஓனர் சொல்லும் பதிலும் இஸ்திரிக்காரர் சொல்லும் பதிலும் ஒன்றாக இருந்தால் அட்வான்ஸ் கொடுக்கலாம். தண்ணி கேன் போடுகிற பையனையும் கேட்கலாம். அவன் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் சமையலறை வரை போகிறவன். ஆனால் பெரும்பாலும் அவசரத்தில் இருப்பான்.

இனி ஓனரிடம் பேசுவது. நான் ஆரம்பத்தில் எதையும் சொல்லாமல் குடிவந்துவிடுவேன். பிறகு ஒருநாள் பேப்பர் போடுகிறவர் தீக்கதிரை மாற்றி ஓனர் வீட்டில் போட்டுவிடுவார், அன்றைக்கு நான் எதையோ ஒளித்துவைத்தவன் ஆகிவிடுவேன். இப்போது முதல் சந்திப்பிலேயே, வாடகை பேசி முடித்து, அட்வான்ஸ் பேசுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். கிட்டத்தட்ட இதே சொற்களில்: "சார், நான் தீக்கதிர் படிக்கிறவன், கூட்டங்களுக்குப் போவேன். வீட்டில் கூட்டம் வைக்கமாட்டேன். சுவரில், கேட்டில் எதுவும் ஒட்டமாட்டேன். அம்மா எம்ஜிஆர் படம் வைத்திருப்பாங்க, மாமனார் உதயசூரியன். இதில் உங்களுக்கு ஏதாவது சங்கடம் இருந்தால் இப்பவே சொல்லிடுங்க." நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சிரித்துவிடுவார்கள். சிரிக்காதவரின் வீடு நமக்கு வேண்டாம்.

ஓனர்களின் பயம் பெரும்பாலும் நம் கொள்கைமேல் இல்லை. ராத்திரி பதினோரு மணிக்குப் பத்து பைக் வந்து நிற்குமா, போலீஸ் வந்து விசாரிக்குமா, போஸ்டர் ஒட்டிப் பெயின்ட் போகுமா, கட்சி செல்வாக்கை வைத்து வீட்டைக் காலி செய்யமாட்டானா. இந்த நான்குதான். கடைசியில் இருப்பதுதான் பெரிய பயம், ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நீங்களே எடுத்து, 'காலி பண்ணச் சொன்னால் இத்தனை மாதத்தில் பண்ணிடுவேன், அக்ரிமென்டில் எழுதிக்கலாம்' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 'அரசியல் எல்லாம் வேண்டாம் தம்பி' என்று ஓனர் சொல்லும்போது அவர் சொல்வது அரசியலையா என்று பாருங்கள். அச்சகத்தில் என்னோடு வேலை செய்யும் நண்பர் வீட்டில் அம்பேத்கர் படம் இருக்கிறது. இருவரும் சேர்ந்து ஒரே வீட்டைப் பார்க்கப் போனோம், அவருக்காக. நண்பரின் பையிலிருந்த அம்பேத்கர் காலண்டரைப் பார்த்த ஓனர், கட்சிக்காரங்களுக்குத் தருவதில்லை என்றார். நண்பர் எந்தக் கட்சியிலும் இல்லை. பக்கத்தில் நின்ற நான்தான் கட்சிக்காரன், என்னிடம் 'உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க' என்றார். 'நீங்க என்ன ஆளுங்க' என்று கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் இன்று கையில் எடுத்திருக்கும் சொல் அரசியல். 'வெஜ் ஒன்லி' இன்னொன்று. முஸ்லிம் நண்பர்களுக்கு அதுகூட இல்லை, பெயரைச் சொன்னதும் 'நேத்துதான் முடிஞ்சிடுச்சு' என்பார்கள். நான் மேலே சொன்ன பேச்சுச் சாமர்த்தியம் எதுவும் அவர்களுக்கு உதவாது. எனக்கு அது உதவுவதே நான் பிறந்த சாதியால்தான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

சட்டம் இதில் என்ன செய்யும்? இந்தியாவின் எந்தப் பகுதியிலும் வசிக்கும் உரிமையை அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு தருகிறது. ஆனால் தனியார் ஒருவர் வீடு தர மறுத்தால் அதைக் காட்டி வாங்க முடியாது. பாகுபாடு கூடாது என்கிற 15-ஆவது பிரிவு அரசுக்குச் சொல்வது. அதன் பட்டியலிலும் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் உண்டு, அரசியல் கருத்து கிடையாது. அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டும் என்று விதி வைத்திருந்த ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றமே 2005-ல் சொல்லியிருக்கிறது. ஆகவே வாசலுக்கு வெளியே நிற்கும்வரை சட்டம் நம் பக்கம் இல்லை.

உள்ளே போன பிறகு இருக்கிறது. தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது, கொஞ்சம் கைகொடுக்கும். அக்ரிமென்ட் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். 11 மாதம் என்றால் பதிவு வேண்டாம் என்ற பழைய கணக்கு இதில் செல்லாது. காலி செய்யச் சொல்வதற்கான காரணங்களைச் சட்டம் வரிசையாகச் சொல்கிறது. வாடகைப் பாக்கி, உள்வாடகை, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது என்று போகும் அந்த வரிசையில் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறோம் என்பது இல்லை. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது. உள்ளே வந்து பார்ப்பதானால் 24 மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்கிறது சட்டம். பத்து மாதம் கேட்கிறார்கள் சென்னையில், கொடுத்துக்கொண்டும் இருக்கிறோம்.

அக்ரிமென்டைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தொழில் புத்தி, நான் எழுத்துப் பிழை பார்த்தே ஒவ்வொரு வரியையும் படித்துவிடுவேன். இப்போதைய வீட்டு அக்ரிமென்டின் ஒன்பதாவது ஷரத்தில் 'வாடகைதாரர் எவ்வித அரசியல் நடவடிக்கையிலும் ஈடுபடக் கூடாது' என்று இருந்தது. யாரோ எப்போதோ அடித்த படிவம், ஓனரம்மா அதைப் படித்ததே இல்லை. இதில் கையெழுத்துப் போட்டால் கூட்டத்துக்குப் போகும் ஒவ்வொரு மாலையும் நான் ஒப்பந்தத்தை மீறுகிறவன். அடித்துவிட்டு இப்படி எழுதச் சொன்னேன்: 'கட்டடத்தின் வெளிச்சுவர், கேட், மொட்டைமாடி, பொதுப் படிக்கட்டு ஆகியவற்றில் எந்தக் கட்சியின் கொடி, பேனர், சுவரொட்டியும் வைக்க இரு தரப்பும் அனுமதிப்பதில்லை. பத்து பேருக்கு மேல் கூடும் கூட்டங்களை இவ்விடத்தில் நடத்துவதில்லை.' 'இரு தரப்பும்' என்பதைக் கவனியுங்கள். ஓனருக்கும் அது பொருந்தும். தேர்தல் சமயத்தில் கட்சிக்காரர்கள் வந்து சுவர் கேட்டால் அவர் நம்மைக் காட்டி மறுத்துவிடலாம். கட்டட உரிமையாளரின் அனுமதி இல்லாமல் சுவரில் எழுதவோ ஒட்டவோ கூடாது என்பது தேர்தல் நடத்தை விதியிலும் உண்டு. எங்கள் ஓனரம்மா இந்த ஷரத்தை நகல் எடுத்து மற்ற நான்கு போர்ஷன்காரர்களிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார்.

அடுக்குமாடிக் குடியிருப்பு வேறு கதை. அங்கே ஓனர் வெளிநாட்டில் இருப்பார், நாட்டாமை அசோசியேஷனிடம் இருக்கும், அசோசியேஷன் வாட்சப் குரூப்பில் இருக்கும். நான் இரண்டாவதாக அரசியலுக்காகக் காலி செய்த வீடு அப்படிப்பட்டது. குரூப்பில் ஒருவர் ஒரு தலைவரைப் பற்றிய பார்வர்டு போட்டார். அதில் ஆண்டு தவறாக இருந்தது. கருத்துக்குள் நான் போகவில்லை, ஆண்டை மட்டும் திருத்தினேன். கை சும்மா இருக்காது. 'நீங்க அந்தப் பக்கமா?' என்று உடனே ஒரு கேள்வி. மூன்று நாளில் இரண்டு பேர் லிஃப்டில் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு வருடத்தில் ஓனரிடமிருந்து போன், 'அசோசியேஷன்ல ஏதோ சொல்றாங்க'. ஆகவே பிளாட் பார்க்கப் போனால் தற்போது குடியிருப்பவரிடம் அந்தக் குரூப்பைக் காட்டச் சொல்லுங்கள். தண்ணி லாரி, லிஃப்ட், மெயின்டனன்ஸ் தவிர எதுவும் இல்லையென்றால் நல்லது. குட்மார்னிங் படங்கள் பரவாயில்லை. அட்மினே பார்வர்டு போடுகிற குரூப் என்றால் அது எந்தக் கட்சிப் பார்வர்டாக இருந்தாலும், நம் கட்சியாகவே இருந்தாலும், வேண்டாம்.

எப்போது தேடலாம்? தேர்தல் அறிவித்த பிறகு வேண்டாம், அந்த இரண்டு மாதம் எல்லோரும் எல்லோரையும் சந்தேகமாகப் பார்ப்பார்கள். ஆடியில் தேடுங்கள். யாரும் குடிபோகமாட்டார்கள், டூ-லெட் போர்டு தொங்கும், ஓனர்கள் இறங்கிவருவார்கள். ஆவணி பிறந்ததும் பால் காய்ச்சிக்கொள்ளலாம். நான் தோழர்தான், ஆனால் அம்மாவிடம் ஆடியில் பால் காய்ச்சலாம் என்று சொல்லிப் பாருங்கள்.

குடிபோனதும் வாக்காளர் பட்டியலில் முகவரியை மாற்றிவிடுங்கள், படிவம் 8. சில ஓனர்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள், ஓட்டர் ஐடி வந்துவிட்டால் வீடு நம் பெயருக்குப் போய்விடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். இந்த காம்பவுண்டில் எனக்கு நிம்மதி வந்ததே ஒரு தேர்தல் நாளில்தான். 2024 ஏப்ரல் 19, காலை ஐந்தரை மணி. முதல் போர்ஷன்காரர் தி.மு.க. பூத் ஏஜென்ட், நான்காவது போர்ஷன்காரர் அ.தி.மு.க. பூத் ஏஜென்ட். இருவரும் ஒரே ஆட்டோவில் ஏறினார்கள். ஒருவர் டிபன் பாக்ஸை மறந்துவிட்டார். இன்னொருவர் மனைவி ஓடிப்போய் எடுத்துக்கொடுத்தார். வாடகையில் பாதி பாதி என்று ஆட்டோக்காரரிடம் பேரம் வேறு.

நாங்கள் குடிவந்த அன்று அம்மாவின் எம்ஜிஆர் படத்தை நான் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஓனரம்மா வந்தார். "போட்டோ யாரா இருந்தா எனக்கென்ன தம்பி, ஆணி அடிக்கக் கூடாது. சுவர் பொத்தல் ஆயிடும். அதோ அந்தக் கொக்கி இருக்கு பாரு, அதுல மாட்டிக்கோ" என்றார். மாட்டினேன். அம்மாவுக்குத் திருப்தி, உயரம்கூடச் சரியாக இருக்கிறது என்றார். அந்தக் கொக்கியில் முன்பு இருந்தவர்கள் கலைஞர் படம் மாட்டியிருந்தார்கள் என்று இஸ்திரிக்காரர் சொன்னார். அம்மாவிடம் அதை நாங்கள் இன்னும் சொல்லவில்லை.